சாப்பு என்றால் பூசு

சிரஞ்சீவி சோமுவுக்கு உன் அப்பா பினாங்கிலிருந்து எழுதுவது. இவ்விடத்தில் நானும் உன் அம்மாவும் என் இரண்டு முழங்கைகளும் சௌக்கியம். அவ்விடத்தில் நீ சௌக்கியம், உன் முழங்கைகள் சௌக்கியமில்லை என்று உன் கடிதத்தால் அறிந்தோம். அறிந்ததோடு நிற்காமல் அதை மூன்று தரம் வாசித்தோம். மூன்றாம் தரம் முடித்தபோது, என் தலையில் மிச்சமிருந்த பதினேழு மயிரில் எட்டைப் பிடுங்கிவிட்டேன். பாக்கி ஒன்பதை உன் கல்யாணத்துக்கென்று விட்டுவைத்திருக்கிறேன். இன்னொரு கடிதம் இப்படி வந்தால் அவற்றுக்கும் நான் பொறுப்பில்லை.

ஈப்போவில் ரயில்வே கிராணியாக உட்கார்ந்து ஊர்ச் சரக்குக்கெல்லாம் சீட்டு எழுதுகிற கை, பெற்ற அப்பனுக்கு எழுதுகிற கடிதமாடா அது? முழங்கையிலும் முழங்காலிலும் படை வந்திருக்கிறதாம், வெள்ளிச் செதிலாக உதிர்கிறதாம், முதுகின் நடுவிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறதாம். சரி. அதற்காகத் தை மாதம் நடக்க வேண்டிய கல்யாணத்தை ஆனிக்குத் தள்ள வேண்டுமாம். தள்ள முடியாதென்றால் நலங்கு கூடாதாம். நலங்கு வைத்தே தீருவோமென்றால் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்காருவாயாம். அக்கரைப் பாகானில் இருக்கிற பெண் வீட்டாரிடம் உன் தோலைப் பற்றி நான் மூச்சு விடக்கூடாதாம். இதற்கெல்லாம் நாங்கள் இசையாவிட்டால் கல்யாணமே வேண்டாமென்று அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட வேண்டுமாம். இடையில், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, ஏழே நாளில் குணம் என்று சத்தியம் செய்கிற லோஷனில் பன்னிரண்டு புட்டி வரவழைத்திருக்கிறாய். ஏழு நாளில் குணமாகிற நோய்க்குப் பன்னிரண்டு புட்டி எதற்கு? ஈப்போவைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் சேர்த்துப் பூசப்போகிறாயா?

இத்தனையையும் நான் பொறுத்திருப்பேன். சின்ன வயதில் நீ என் ஒரே நல்ல குடையைப் படகாக விட்டு அது சுமத்ராவுக்குப் போனபோதே பொறுத்தவன் நான். ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதினாயே, “நம் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாத இந்த அசிங்கம் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அப்பா?” என்று. அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“இருபத்தெட்டு வருஷமா சொல்றேன். இப்பவாச்சும் பேனாவை எடுக்குறீங்களா, இல்ல நான் எடுக்கட்டுமா?”

“நீ எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க ஒரு வாரம் ஆகும்.”

“ஆகட்டும்லா. ஒரு வாரத்துல நான் சொல்லி முடிச்சிருவேன். நீங்க இருபத்தெட்டு வருஷமா இன்னும் பேனா மூடியையே கழட்டல.”

மூன்று நாள் கழித்து, இதோ கழற்றிவிட்டேன். உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய் அல்லவா? என்னிடமிருந்து வந்தது சோமு. என் இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், முதுகின் நடுவில் வங்காள விரிகுடாவின் வடிவத்தில் ஒன்று. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கின்றன. உன்னைவிட மூத்தவை. ஒரு வகையில் உனக்கு அண்ணன்மார்.

நீ பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருப்பாய்? கிழக்குச் சீமை முழுவதிலும் உன் அப்பனைப்போல நீளக் கைச் சட்டை போட்ட மனிதன் கிடையாது. தண்ணீர்மலைக் கோயிலில் ஊரே மேல்சட்டையில்லாமல் நிற்கும்போது, நான் மட்டும் கப்பல் கம்பெனிக் கோட்டோடு வெளிவாசலில் நின்று செருப்புகளைக் காவல் காத்தேன். “துரை எந்த நேரமும் கூப்பிடுவார், கிராணி கோட்டைக் கழற்றக் கூடாது” என்று உன்னிடம் சொன்னேன். தைப்பூசத்தன்று எந்தத் துரையடா கூப்பிடுவான்? நீ நம்பினாய். என் உடம்பில் எப்போதும் வீசிய தார் நாற்றத்தைத் துறைமுகத்து நாற்றம் என்றேன். அதையும் நம்பினாய். பள்ளிக்கூடத்தில் “எங்கப்பா மேல கப்பல் வாசனை வரும்” என்று பெருமையடித்துக்கொண்டாயாம். உன் வாத்தியார் என்னிடம் சொன்னார். அது கப்பல் அல்ல. அது லோஷன்.

உனக்கு ஏழு வயதில் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “வாங்கப்பா, பயமா இருக்கு, கையைப் புடிச்சுக்குங்க” என்று கத்தினாய். நான் கோட்டு, தொப்பி, சப்பாத்து சகிதம் மணலில் நின்று, உப்புத் தண்ணீரில் இறங்குவது கிராணி உத்தியோகத்துக்கு எவ்வளவு இழுக்கு என்று உனக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். நீ அழுதுகொண்டே கரையேறினாய். இன்றுவரை உனக்கு நீந்தத் தெரியாது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், கடல் தண்ணீரும் காலை வெயிலும்தான் இந்தத் தோலுக்கு நல்லது என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் ஒருவர் எனக்கு அதற்கு எட்டு வருஷம் முன்பே சொல்லியிருந்தார். மருந்து அலை அலையாக வந்து என் சப்பாத்தை நனைத்தது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

இந்த முட்டாள்தனத்தின் பூர்வ கதையைக் கேள். எனக்கு இருபத்திரண்டு வயதில் முதல் படை இடது முழங்கையில் வந்தது. அந்தக் காலத்தில் தோலில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், பார்க்கிறவன் வாயில் முதலில் வருவது குஷ்டம், பெருவியாதி. பெருவியாதி என்றால் படகிலேற்றி ஜெரெஜா தீவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். போனவர்கள் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆகையால் நான் வைத்தியரிடமும் போகவில்லை, டிரெஸ்ஸரிடமும் போகவில்லை. என் சட்டைக் கையை இரண்டு அங்குலம் நீட்டித் தைக்கச் சொன்னேன். அதுதான் நான் செய்துகொண்ட முதல் சிகிச்சை. கறுப்புக் கோட்டின் மேல் செதில் உதிர்ந்து, ஆபீசில் நான் உட்கார்ந்த இடமெல்லாம் மார்கழி மாதத்து வாசல் மாதிரி கோலமாவு கிடந்தது. பெருக்குகிறவன் என்னைக் கண்டால் பெருமூச்சு விடுவான்.

கடைசியில் கேம்பல் தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு கிழட்டுச் சீனத் தவுக்கேதான், நான் இருமல் மருந்து வாங்க நீட்டிய கையின் சட்டை விலகியதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கறுப்புப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தார். தார் எண்ணெய், கற்பூரம், ஏதோ ஒரு பிசின். பூசினால் உடம்பு புதிதாகக் கீல் அடித்த தொங்காங் படகு மாதிரி நாறும். சட்டைக்குள் பழுப்புக் கறை ஏறும். வண்ணான் என்னை ஏதோ கொலைகாரன் என்று சந்தேகித்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளில் செதில் அடங்கியது, அரிப்பு தணிந்தது, சிவப்பு மட்டும் மிஞ்சியது. நான் உலகத்தை ஜெயித்த சக்கரவர்த்தியைப்போல நடந்தேன். மழை மாதம் வந்தது. சக்கரவர்த்தியின் முழங்கையில் படை பழையபடி வந்து உட்கார்ந்தது.

தவுக்கே கடையின் பின்கட்டில் ஒரு பெஞ்சு உண்டு. அதே புட்டியை வாங்க வருகிறவர்கள் அங்கேதான் சட்டைக் கையை மடக்குவார்கள். அந்தப் பெஞ்சில் நாங்கள் நடத்திய மகாசபை வேறு எந்த ஊரிலும் கூடியிருக்காது. டிராம் ஓட்டுகிற பெரியசாமி ஒருவன். “அண்ணே, நமக்கு முழங்கை கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. முழங்கால் மட்டும் கேக்கமாட்டேங்குது. அதே மருந்து, அதே ஆளு. கைக்கு ஒரு சட்டம், காலுக்கு ஒரு சட்டமா?” என்று தவுக்கேயோடு சண்டை பிடிப்பான். குணமாகிவிட்டதென்று ஒரு மாதம் பூசாமல் விட்டான். படை தன் சுற்றத்தாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. தலை முழுக்கப் படை வந்த ஒரு சீன நோன்யா அம்மாள் இருந்தாள். இந்த மருந்தால் தலை ஒன்றும் ஆறவில்லை, ஆனால் நாற்றத்துக்குப் பயந்து கொசுவும் வருவதில்லை, மாமியாரும் வருவதில்லை, ஆகவே விடமாட்டேன் என்று மலாயில் சொல்லிச் சிரிப்பாள். எனக்கோ கை கால் எல்லாம் ஒரு மாதிரி அடங்கின. முதுகுதான் அடங்கவில்லை. ஏன்? கை எட்டவில்லை. ஒட்டடைக் குச்சியில் துணி சுற்றி, குளியலறையில் நான் சுழன்ற சுழற்சியைக் கண்டால் தேவலோகத்து நாட்டியக்காரிகள் காலில் கட்டிய சலங்கையை அவிழ்த்திருப்பார்கள். பாதி மருந்து சுவரில், கால்வாசி கண்ணில், மிச்சம் பின்கழுத்தில்.

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாகப்பட்டினத்தில். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேள், ஏனென்றால் நீ என் சரக்கைத் திருடப் பார்க்கிறாய். நலங்குக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காருவது உன் யோசனை இல்லை. என் யோசனை. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக்கொண்டு சுற்றி நின்ற பெண்களிடம், “பினாங்கில் மாப்பிள்ளை நலங்குக்குக் கோட்டோடுதான் உட்காருவார், அது எங்கள் ஊர் வழக்கம்” என்று கூசாமல் சொன்னேன். நம்பினார்கள். கோட்டின் மேலேயே மஞ்சள் பூசினார்கள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு இரண்டு மாப்பிள்ளைகள் ‘பினாங்கு நலங்கு’ என்று பெயர் சொல்லிக் கோட்டோடு உட்கார்ந்ததாகக் கேள்வி. ஒரு முழங்கையை மறைக்க ஒரு சாத்திரத்தையே உண்டுபண்ணியவன் உன் அப்பன். அதனால் எனக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா கப்பலேறி இங்கே வந்த புதிது. மூன்று மாதம் நான் கைச்சட்டையைக் கழற்றவில்லை. கேட்டால், பினாங்குக் கொசு குருவி அளவு இருக்கும், கடித்தால் காது செவிடாகும் என்றேன். புட்டியைப் பார்த்துவிட்டு, “இது என்னங்க, இப்புடி நாறுது?” என்றாள். வயிற்றுச் சூட்டுக்கு மருந்து என்றேன். வாயில் வந்த பொய்களில் அது மிகச் சின்னது. நான் அதை இரண்டாம் முறை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் நான் ஆபீசில் இருக்கும்போது, புட்டி தீர்ந்திருக்குமே என்று தவுக்கே தாமே போகிற வழியில் புதுப் புட்டியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கிழவர் நல்லவர். உபயோகிக்கும் முறையையும் மலாயில் விளக்கிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: “சாத்து ஹாரி, துவா காலி, சாப்பு.”

இங்கே பிறந்த உனக்கு அர்த்தம் தெரியும். சாத்து ஹாரி என்றால் ஒரு நாள், துவா காலி என்றால் இரண்டு தடவை, சாப்பு என்றால் பூசு. நாளுக்கு இரண்டு தடவை பூசு. உன் அம்மாவுக்கு அன்று தெரிந்த ஒரே பாஷை நாகப்பட்டினத்துத் தமிழ். மறுநாள் விடிந்து நான் ஆபீசுக்குப் புறப்படும்போது அவள் முகம் சந்தோஷத்தில் மின்னியது.

“அந்தச் சீனத் தவுக்கே எவ்வளவு சுத்தமா தமிழ் பேசுறாருங்க! நம்ம பண்டிகையெல்லாம்கூடத் தெரிஞ்சிருக்கு. ஹரிக்குச் சாத்தணுமாம். துவாதசியன்னிக்குக் காலி பண்ணணுமாம். சாப்பிடணுமாம். இன்னிக்குத் துவாதசிதானே, சரியா வந்திருச்சு பாருங்க!”

பெருமாள் படத்துக்கு முன்னால் ராத்திரியெல்லாம் புட்டி இருந்திருக்கிறது. அதன் கழுத்தில் துளசி. இப்போது பாதிப் புட்டி ஒரு டம்ளரில், பனைவெல்லம் போட்டுக் கலக்கி, என் மூக்குக்கு நேரே.

சோமு, இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வார்த்தை. ‘இது பூசுற மருந்தம்மா’ என்றால் போதும். ஆனால் எங்கே பூசுவது என்று கேட்பாள். எங்கே என்றால் காட்ட வேண்டும். காட்டினால் என்ன நினைப்பாள்? நான் டம்ளரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், பெருமாளைப் பார்த்தேன். பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. வாங்கிக் குடித்தேன். தெரிந்தே குடித்தேன்.

முதல் வாய் இறங்கும்போது, ஒரு நிலக்கரிக் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே என் தொண்டை வழியாகத் துறைமுகத்துக்குள் வந்தது. இரண்டாம் வாயில் அதன் புகைபோக்கியும் வந்தது. மூன்றாம் வாய் இல்லை. அதற்குள் நான் வாசற்படியில் கிடந்தேன். அன்று நான் எடுத்த வாந்தியில் தெருவுக்கு ஒரு மாசத்துக்குக் கொசு வரவில்லை என்று நோன்யா அம்மாள் சாட்சி சொல்வாள். வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, மூச்சு அடைத்து, கை கால் சில்லிட்டு, மூன்று நாள் நான் இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவந்தவர் யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் ஒருவர்.

“கிராணியார், என்னத்தைக் குடிச்சனீங்கள்?” என்று கேட்டுக்கொண்டே நெஞ்சைப் பார்க்கச் சட்டையைக் கழற்றினார். அவ்வளவுதான். இத்தனை காலம் நான் கட்டிக் காத்த கோட்டை ஆறு பொத்தானில் விழுந்தது.

உன் அம்மா பார்த்தாள். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். “பெருவியாதியா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லையம்மா. பயப்படாதேங்கோ. இது பிறத்தியாருக்கு ஒட்டாது. சொரியாசிஸ் எண்டு சொல்லுவினம். போகும், வரும். உயிருக்கு ஒண்டும் செய்யாது.” புட்டியை முகர்ந்து பார்த்தார். “ஆனால் இதைக் குடிச்சால் செய்யும்.”

சொரியாசிஸ்! பார்த்தாயா, வெள்ளைக்காரன் நம் ‘சொறி’யைத் திருடிக்கொண்டுபோய், பின்னால் ‘யாசி’ என்று பிச்சையெடுக்கவும் கற்றுக்கொடுத்து, வாலும் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான். சொறி, யாசி. இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைக்க முடியாது.

நாலாம் நாள் காலையில் உன் அம்மா கஞ்சி கொடுத்தாள். குடித்து முடித்ததும் சொன்னாள். “வெஷத்தைக் குடிக்கத் தெரிஞ்ச வாய்க்கு, ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? உங்க தோலைப் பாத்து எனக்குக் கோவமில்ல. என் கையால உங்களைக் கொல்ல விட்டீங்களே, அதுக்குத்தான் கோவம். நீங்க செத்திருந்தா நான் யாருங்க?” அவள் புட்டியில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றினாள். “திரும்புங்க” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில், நீ பள்ளிக்கூடம் போனபின், பிறகு நீ ஈப்போ போனபின், அவள் ‘திரும்புங்க’ என்கிறாள், நான் திரும்புகிறேன். முதுகிலுள்ள வங்காள விரிகுடா வற்றி, இப்போது ஒரு குளம் அளவில் நிற்கிறது. மழைக்கு நிரம்பும், வெயிலுக்கு வற்றும். ஒழிந்துபோகவில்லை. ஒழியாது. உன் பன்னிரண்டு புட்டிக்காரன் என்ன சத்தியம் செய்தாலும் சரி. முதலில் ஒரு காசு அளவு இடத்தில் பூசி இரண்டு நாள் பார். எரிந்தால் அந்தப் பன்னிரண்டையும் சாக்கடையில் ஊற்றிவிடு. எரியாவிட்டால் பூசு; செதில் அடங்கும், அரிப்பு குறையும். அதற்கு மேல் ஒரு லோஷனிடம் எதிர்பார்ப்பது, டிராம் வண்டியிடம் பினாங்கு மலை ஏறச் சொல்வது மாதிரி.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கேட்க வேண்டியதுதான். இந்தக் கேள்விக்கு என் அலங்காரமெல்லாம் உதவவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமை தோறும் உனக்கு எண்ணெய் தேய்த்துவிட அம்மாவை விடமாட்டேன், நானே தேய்ப்பேன். பாசம் என்று நினைத்திருப்பாய். பாசம்தான். கூடவே உன் முழங்கையை, முழங்காலை, காதின் பின்புறத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றும் இல்லை. பதினைந்து வயதுக்குமேல் நீ என்னைத் தொடவிடவில்லை. தப்பித்தான் பையன் என்று தேங்காய் உடைத்தேன். இல்லாத நோயைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். “ஒரு நாள் அவனுக்கு வந்தா, உலகத்துல தனக்கு மட்டும்தான்னு நெனப்பான். அன்னைக்கு உங்களைச் சும்மா விடமாட்டேன்” என்றாள் உன் அம்மா. அவள் சொன்னபடியே நீ வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறாய். உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் கீரையைத் தவிர வேறு சாப்பாடில்லை.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கோபப்படு, ஆனால் முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படு. உன் கடிதம் வந்த மறுநாள் நானும் அம்மாவும் பெர்ரிப் படகு ஏறிப் பாகானுக்குப் போனோம். உன் தோலைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றாய். விடவில்லை. என் தோலைப் பற்றி விடக்கூடாது என்று நீ எழுதவில்லையே.

பெண்ணின் அப்பா, பாகான் பள்ளிக்கூடத்து வாத்தியார், காப்பி கொடுத்தார். “என்ன சம்பந்தி, திடீர்னு? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“சொல்லியனுப்புற சமாசாரம் இல்ல வாத்தியாரே” என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். வலது சட்டைக் கையை மடக்கினேன். அம்மாதான் இடது கையை மடக்கிவிட்டாள். வாத்தியாரின் நாற்காலி அரையடி பின்னால் போனது. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். டிரெஸ்ஸர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர், “தொட்டா…” என்று இழுத்தார். உன் அம்மா எழுந்து இரண்டு உள்ளங்கையையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். “இருபத்தெட்டு வருஷமா இந்தக் கையாலதான் பூசுறேன். நல்லாப் பாத்துக்குங்க அண்ணே. தழும்பு இருந்தா அது அடுப்பு சுட்டது.”

வாத்தியார் பார்த்தார். நாற்காலி அரையடியில் பாதி முன்னால் வந்தது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, உனக்கு நிச்சயித்த கமலத்தின் குரல். “மாமா, முதுகுல உங்களுக்கு எட்டாதே?”

“எட்டாதும்மா. அதுக்குத்தான் உன் அத்தை.”

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. பிறகு, “அவருக்கும் இருக்கா?”

சோமு, நான் பொய்யில் பட்டம் வாங்கியவன். கொசுவையும் துரையையும் துவாதசியையும் துணைக்கு வைத்துக்கொண்டு வாழ்ந்தவன். ‘இல்லை’ என்பது என் நாக்கின் நுனியில் தானாக வந்து நின்றது. விழுங்கினேன். தாரைவிடக் கசந்தது. “அதை நீ அவன்கிட்டத்தான் கேக்கணும்மா” என்றேன். அவள் முட்டாள் இல்லை. என் பதிலிலேயே பாதி தெரிந்திருக்கும். ஆனால் அழவில்லை, உள்ளே போகவில்லை. “அப்ப அவரை வரச் சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன்” என்றாள். வாத்தியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “பையன் வரட்டும்” என்றார். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. பெர்ரியில் திரும்பி வரும்போது உன் அம்மாவைக் கேட்டேன். “பையன் வரட்டும்னா, பையன் வரட்டும்னுதான் அர்த்தம். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கிட்டுப் பழகுங்க” என்றாள்.

ஆகவே நான் யாருக்கும் கல்யாணம் வேண்டாமென்று எழுதிப் போடவில்லை. ஆனிக்கும் தள்ளவில்லை. நலங்கு உண்டு. அன்று நீ கோட்டோடு உட்காருவதென்றால், நான் அந்தத் தார் மருந்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டு உன் எதிரில் உட்காருவேன். நீ ஒரு பொத்தான் போட்டால் நான் ஒரு வாய் குடிப்பேன். இது மிரட்டல்தான். ஒரு வேளை பாகான்காரர்கள் மாட்டோம் என்று சொல்லலாம். சொன்னால் வலிக்கும். ஆனால் அது அவர்கள் உன்னைப் பார்த்துச் சொல்கிற பதிலாக இருக்கட்டும். நீயே பயந்துபோய் எழுதுகிற பதிலாக வேண்டாம்.

சனிக்கிழமை காலை ரயிலில் ஏறு. பிறை ஸ்டேஷனில் இறங்கியதும் பினாங்குக்குப் படகு ஏறாதே. ஒரு ரிக்‌ஷா பிடித்து நேரே பாகானுக்குப் போ. அவள் கேட்பாள். நீ சொல். மலாய், தமிழ், இங்கிலீஷ், மூன்று பாஷையில் எதில் வேண்டுமானாலும் சொல், ஆனால் அர்த்தம் ஒன்றாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தோடு தவுக்கேயின் மகன் கலக்கிக் கொடுத்த புட்டி ஒன்றும் வருகிறது. அதன் மேலுள்ள சீட்டு உன் அம்மா ஒரு முழு மாலை எழுத்துக்கூட்டி எழுதியது: ‘பூச. குடிக்க இல்லை.’ அதையும் எடுத்துக்கொண்டு போ. முதுகைப் பற்றிப் பேச்சு வந்தால் உதவும்.

எல்லாம் முடிந்து, என்ன பதிலோடு வந்தாலும் சரி, சாயந்திரப் படகில் இந்தப் பக்கம் வா. படகுத்துறை ஜெட்டியில் நிற்பேன். உன் அம்மா கடைத்தெருத் தையற்காரனிடம் எனக்கு அரைக்கைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறாள். இந்த உடம்புக்கு அதுதான் முதல் அரைக்கை. ஆகவே கோட்டையும் தொப்பியையும் தேடாதே. கூட்டத்தில், இரண்டு முழங்கையும் சிவந்து, ஊர் பார்க்க ஒரு கிழவன் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருப்பான். நீ இதுவரை பார்த்திராத கைகள். யாரோ என்று தாண்டிப் போய்விடாதே.